உப்பண்ணன் போட்ட துளை

எங்கள் பல் மருத்துவமனை முதல் மாடியில் இருக்கிறது. ஏறிவர இருபத்திரண்டு படிகள். அந்தப் படிகளை உப்பண்ணனைப் போல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கைக்கு ஒன்றாக இரண்டு இருபது லிட்டர் கேன்களில் உப்புத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருவார். ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குவார். பதினான்காவது படியில் கேன்களைக் கீழே வைத்து, வலக்கைக் கேனை இடக்கைக்கும் இடக்கைக் கேனை வலக்கைக்கும் மாற்றிக்கொள்வார்.

“ரெண்டுலயும் ஒரே தண்ணி, ஒரே எடை. மாத்தித் தூக்கி என்னண்ணே ஆகப்போகுது?” என்று வரவேற்பு மேசை அக்கா மேலிருந்து கேட்பார்.

“அது கைக்குத் தெரியாதும்மா. தெரியாத வரைக்கும் அதுக்கு ஒரு ஆறுதல்.”

இப்படி மூன்று நடை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு சுவர் நீளத்துக்குக் கடல் மீன் தொட்டி இருந்தது. அதில் பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, வீட்டில் உப்புக் கலந்து கொண்டுவந்த புதிய தண்ணீரை ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீரை வாளி வாளியாகக் கழிவறைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அவர் போகும் வழியெல்லாம் சொட்டும். நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன். அங்கே கூட்டித் துடைப்பதுதான் என் வேலை. காலையில் வந்து கதவைத் திறப்பதும் நான்தான். சாவி அப்போது என்னிடம் இருந்தது.

“தங்கச்சி, நானும் நீயும் ஒரே வண்டி. நான் முன் சக்கரம், நீ பின் சக்கரம்” என்பார் அவர். நான் சிரித்துவிட்டுக் குனிந்து துடைப்பேன். அவரோடு நான் பேசியது குறைவு. பார்த்தது அதிகம்.

அவர் முதலில் கட்டடங்களுக்குக் குழாய் போடுகிறவராக இருந்தார். ஒரு வீட்டில் சமையலறைக் குழாயைச் சரிசெய்யப் போன இடத்தில், அந்த வீட்டுக்காரர் வளர்த்த கடல் மீன்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாராம். குழாய் வேலை அரை மணி நேரம், மீன் பார்த்தது மூன்று மணி நேரம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம், “இனிமே தண்ணி ஒழுகுறதை நிறுத்துற வேலை வேண்டாம், தண்ணியை உயிரோட வச்சிருக்கற வேலை பாக்கப்போறேன்” என்றாராம். “முதல்ல நம்ம வீட்டுக் குழாயை நிறுத்துங்க, ஆறு மாசமா ஒழுகுது” என்றாராம் அந்த அக்கா. இதையெல்லாம் அவரே வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு சொல்வார். ஏழு தொட்டிகளுக்கு அவர்தான் வேலை பார்த்தார். ஒரு தங்கும் விடுதி, ஒரு பள்ளிக்கூடம், நான்கு வீடுகள், பிறகு நாங்கள்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவரிடம் ஒரு சின்னக் குழல் உண்டு. ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் விட்டுக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். முப்பத்தைந்து என்று காட்ட வேண்டும். ஆனால் குழலை எடுக்கும் முன்பே விரலை நனைத்து நாக்கில் வைத்து, “முப்பத்தி அஞ்சு” என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்று இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று. அந்த ஜோடி படுத்துக்கொள்ள, பூப்போல விரிந்து மூடும் ஓர் உயிர். கடல் சாமந்தி என்று அதற்குப் பெயர். ஒரு நட்சத்திர மீன். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் இறால். மஞ்சள் மீன் அதன் முன்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இறால் உள்ளே கையை விட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும். பல் பிடுங்கப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குச் சின்ன டாக்டர் என்று பெயர் வைத்ததே டாக்டரம்மாதான்.

ஒரு சனிக்கிழமை உப்பண்ணன் ஒன்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடலிறக்கம். அறுவை செய்து, ஒரு மாதம் கழித்து வந்தபோது டாக்டரம்மாவிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் பென்சிலில் குழாய்கள் வரைந்திருந்தது.

“கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க டாக்டர். அதனால தண்ணியையே நடக்க வைக்கப் போறேன்.”

அந்த வேலை ஒன்பது நாள் நடந்தது. நான் பார்த்த வேலைகளில் அவ்வளவு அழகான வேலை வேறு இல்லை. தொட்டிக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் இரண்டு டிரம்களை வைத்தார். ஒன்றில் வடிகட்டிய நல்ல தண்ணீர் தானாக நிரம்பும். இன்னொன்றில் உப்பைக் கொட்டி ஒரு பம்பை ஓடவிட்டால் அதுவே கலக்கிக்கொள்ளும். சுவரைத் துளைத்து இரண்டு மெல்லிய குழாய்களைத் தொட்டிக்குக் கொண்டுவந்தார். தினமும் காலை பத்து மணிக்கு டைமர் இரண்டு சின்னப் பம்புகளை ஓட்டும். ஒன்று பதினைந்து லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துக் கழிவறைச் சாக்கடையில் விடும், மற்றது பதினைந்து லிட்டர் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். பம்புகளுக்கு மூத்தவன், இளையவன் என்று பெயர். “மூத்தவன் எடுத்தா இளையவன் குடுக்கணும். எந்தக் குடும்பத்துலயாவது பாத்திருக்கீங்களா?” என்பார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தொட்டித் தண்ணீர் காற்றில் ஆவியாகிக் குறையும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் விட வேண்டும். கீழே அலமாரிக்குள் இருந்த அடித்தொட்டியில் ஒரு மிதவையைப் பொருத்தினார். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், நல்ல தண்ணீர் வரும். ஏறினால் நின்றுவிடும்.

அடித்தொட்டி என்பது, பெரிய தொட்டியில் விளிம்பு வழியாக வழியும் தண்ணீர் இறங்கிச் சேரும் இடம். அங்கிருந்து ஒரு பம்ப் அதைக் குழாய் வழியாக மேலே ஏற்றும். அந்தக் குழாயின் வாயைத் தொட்டிக்குள் ஒரு சாண் ஆழத்தில் வைத்திருந்தார். மேலே இருந்தால் சலசலவென்று சத்தம் வரும், காத்திருப்பவர்களுக்கு அடிக்கடி கழிவறை போகத் தோன்றும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அந்தக் குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டி வளையும் இடத்தில், தண்ணீருக்கு அரை விரல் மேலே, ஒரு சின்னத் துளை இருந்தது. குண்டூசியைவிடக் கொஞ்சம் பெரியது. பம்ப் ஓடும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு நூல் போலத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது.

அது எதற்கு என்று அவர் டாக்டரம்மாவுக்குச் சொன்னார், வரவேற்பு மேசை அக்காவுக்கும் சொன்னார். நான் அப்போது உள்ளே கருவித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வேலை முடிந்த பிறகு உப்பண்ணன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வந்தார், வெறுங்கையோடு. படிகளில் நிற்காமல் ஏறினார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

என் பாடுதான் கூடியது. அந்த நூல் தண்ணீர் மூடியின் அடியில் பட்டுத் தெறித்து, பின்பக்க இடைவெளி வழியாகச் சுவரில் இறங்கியது. காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூத்தது. காலையில் துடைப்பேன், மதியம் மறுபடி இருக்கும். சாயங்காலம் அலமாரியின் பலகை ஓரம் ஊறி உப்பியிருக்கும். ஒரு நாள் காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது டாக்டரம்மா சுவரைக் காட்டிக் கேட்டார்.

“இது என்ன, நோய் வந்த மாதிரி இருக்கு? தினமும் துடைக்கிறியா, இல்ல பாத்துட்டுப் போறியா?”

“துடைக்கிறேன் டாக்டர்.”

“துடைச்சா ஏன் இருக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழாயில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. உப்பண்ணன் வேலையில் ஓட்டை என்று அவ்வளவு பேர் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை நானே சரிசெய்துவிட்டால் அவருக்கும் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் திட்டு இல்லை என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அப்படித்தான் பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கு, கம்பி உதட்டில் குத்தாமல் இருக்க, ஒரு மெழுகு கொடுப்பார்கள். ஈரத்திலும் ஒட்டும். வெள்ளையாக, கண்ணுக்குத் தெரியாது. அன்று சனிக்கிழமை. மதியம் மருத்துவமனை மூடும் முன் அதில் ஒரு கிள்ளு எடுத்து உருட்டி, துளையில் வைத்து அழுத்தினேன். நூல் நின்றுவிட்டது. சுவரைக் கடைசியாக ஒரு முறை துடைத்தேன். திரும்பிப் பார்த்தேன். காய்ந்த சுவர் எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

அதே சனிக்கிழமைதான் உப்பண்ணனும் அவர் மனைவியும் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போனார்கள். மூன்று மணி நேரப் பயணம். ஏழு வருடத்தில் முதல் தடவை. அதற்கு முன்பு சனி, ஞாயிறு என்றால் அவருக்குத் தண்ணீர் தூக்கும் நாள்.

திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது என் செருப்பு நனைந்தது.

காத்திருக்கும் அறை முழுக்கத் தண்ணீர். நாற்காலிக் கால்களைச் சுற்றி நின்றது. ஆனால் தொட்டி நிறைந்திருந்தது, பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் இருந்தது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் பால் கலந்தது போல் மங்கியிருந்தது. கடல் சாமந்தி கிழிந்த துணி போல் ஒரு மூலையில் கிடந்தது. நட்சத்திர மீன் கரைந்துகொண்டிருந்தது. சின்ன டாக்டர் மல்லாந்திருந்தார், கால்கள் எல்லாம் சேர்த்து மடங்கி. மஞ்சள் மீன் மேலே மிதந்தது. பட்டை போட்ட ஜோடி மட்டும் குழாய் வாயருகே, தண்ணீர் புதிதாக வரும் இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

உப்பண்ணனுக்கு போன் செய்தேன். “கரண்ட் போச்சா?” என்றுதான் முதலில் கேட்டார். கீழ்த்தளத்துக் கடைக்காரரை விசாரித்தேன். சனி சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை போய் வந்ததாம். “போனா என்ன, ஒண்ணும் ஆகக் கூடாதே. அதுக்குத்தானே துளை போட்டிருக்கேன்” என்றார். “துளை அடைச்சிருக்கான்னு மட்டும் பாரு தங்கச்சி. நான் இப்பவே பஸ் ஏறுறேன்.”

துளை என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிட்டுத் தொட்டி மூடியைத் தூக்கினேன்.

என்ன நடந்தது என்று அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. நான் வைத்த மெழுகால் ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் புரிந்தது. அவர் வந்து சேர மூன்று மணி நேரம் இருந்தது. டாக்டரம்மா வர ஒரு மணி நேரம். தரை ஓடுகளின் இடுக்கில் அழுக்கு எடுக்க, முனை வளைந்த பழைய பல் ஊசி ஒன்று என்னிடம் இருந்தது. டாக்டரம்மா வேண்டாம் என்று போட்டது. அதால் மெழுகைக் குத்தி எடுத்தேன். கொஞ்சமும் மிச்சம் இல்லாமல் சுரண்டி எடுத்தேன். நூல் மறுபடி பீய்ச்ச ஆரம்பித்தது. மெழுகைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அடைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. எடுத்தபோது தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் அதற்குப் பிறகு நான் குடியிருந்தேன்.

உப்பண்ணன் வந்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது. குழலை எடுத்துப் பார்த்தார். பதினெட்டு.

“பாதி உப்பு போயிடுச்சு டாக்டர்” என்றார். அப்போதுதான் விளக்கினார். நானும் அப்போதுதான் கேட்டேன். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றால், தண்ணீருக்குள் முங்கியிருக்கும் குழாய் வாய், பெரிய தொட்டித் தண்ணீரைத் திரும்பக் கீழே இழுக்கத் தொடங்கும். வாளியிலிருந்து டியூபில் உறிஞ்சி விட்டால் தானாக இறங்குமே, அதே மாதிரி. துளை வழியாகக் காற்று புகுந்தால் அந்த இழுப்பு உடனே அறுந்துவிடும். காற்று புகவில்லை. அதனால் மூன்று தடவையும் ஒரு சாண் தண்ணீர் இறங்கி, அடித்தொட்டி நிரம்பித் தரையில் வழிந்தது. மின்சாரம் திரும்பி வந்தபோது குறைந்த தண்ணீரை, ஆவியாகிப் போனது என்று நினைத்துக்கொண்டு, மிதவை நல்ல தண்ணீரால் நிரப்பியது. உப்புத் தண்ணீர் தரைக்கு, நல்ல தண்ணீர் தொட்டிக்கு.

“ஆனா துளை அடையலையே” என்றார் தனக்குத்தானே. பம்பை நிறுத்தினார். துளை ‘கொர்’ரென்று காற்றை உறிஞ்சியது. இழுப்பு நின்றது. மறுபடி ஓடவிட்டு நிறுத்தினார். பதினொரு தடவை நிறுத்தினார். பதினொரு தடவையும் அது சரியாக வேலை செய்தது. ஈரத் துணியோடு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். “உப்பு பூத்து அடைச்சிருக்கும். அப்புறம் நனைஞ்சு கரைஞ்சிருக்கும். வாராவாரம் நான் குத்தி விட்டிருக்கணும். ஊருக்குப் போற சந்தோஷத்துல விட்டுட்டேன்.”

டாக்டரம்மா செத்த இறாலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. “எல்லாத்தையும் கழட்டிடுங்க. பழையபடி வாளியிலயே மாத்துங்க. இல்லன்னா தொட்டியே வேண்டாம்” என்றார்.

அன்றே கழற்றினார். அதோடு விடவில்லை. மற்ற ஆறு இடங்களுக்கும் இதே போல் குழாய் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகப் போய் எல்லாவற்றையும் அவிழ்த்தார். “காரணம் நிச்சயமாத் தெரியாத ஒண்ணை இன்னொருத்தர் வீட்டுல வச்சுட்டு எப்படித் தூங்குறது?” என்று வரவேற்பு மேசை அக்காவிடம் சொன்னார்.

மறுபடி கேன்கள். மறுபடி ஏழாவது படி, பதினான்காவது படி. இடுப்பில் ஓர் அகலப் பட்டை கட்டியிருந்தார். வேடிக்கைப் பேச்சு குறைந்தது. ஆனாலும் என்னைப் பார்த்தால் மட்டும், “என்ன பின் சக்கரம், சௌக்கியமா?” என்பார். அதைக் கேட்கக் கூடாது என்பதற்காக அவர் வரும் நேரம் நான் உள்ளே தட்டுக் கழுவப் போய்விடுவேன். கேன் வைக்கும் சத்தம் குழாய்த் தண்ணீர் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், அவர் என்னைப் பார்க்கும் பார்வை எப்படி மாறும் என்பது. நாள் தள்ளத் தள்ளச் சொல்ல வேண்டியதும் பெரிதாகிக்கொண்டே போனது.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, படியில் வேறு மாதிரிக் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உப்பண்ணனின் மனைவி. இரண்டு கையிலும் கேன். புடவையை இடுப்பில் செருகியிருந்தார்.

“நீதானே தங்கச்சி? அவரு சொல்லியிருக்காரு” என்று மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய் ஒரு கேனை வாங்கிக்கொண்டேன். “அவருக்கு மறுபடி இறங்கிடுச்சு. அடுத்த வாரம் திரும்ப அறுக்கப் போறாங்க. நான் போறேன்னேன், உனக்கு உப்புக் கலக்கத் தெரியாதுன்னாரு. முப்பது வருஷமா இவருக்கு உப்புப் போட்டுச் சமைக்கிறேன், எனக்கு உப்புத் தெரியாதாம்!”

நானும் அக்காவும் சேர்ந்து தண்ணீரை மாற்றினோம். வேலையின் நடுவே அந்த அக்கா பேசிக்கொண்டே இருந்தார்.

“உடம்பைக்கூட விடு. ஆளு ஒரு மாதிரி ஆயிட்டாரும்மா. பால்கனியில ஒரு தொட்டி வச்சிருக்காரு, மீன் இல்லாத தொட்டி. அதுல ஒரு குழாய், அந்தக் குழாயில ஒரு துளை. அது எத்தனை நாள்ல உப்பு பூத்து அடையுதுன்னு பாக்குறாராம். தினம் காலையில எழுந்து பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி அதைப் போய்ப் பாக்குறாரு. காலண்டர்ல புள்ளி வைக்கிறாரு. நூத்தி நாப்பத்தி ரெண்டு நாளாச்சு, இன்னும் அடையல. பாக்க வேண்டிய பொண்டாட்டி இங்க இருக்கேன், ஓட்டையைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு.”

அவர் சிரித்தார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

“என்னம்மா, தலை சுத்துதா?”

“இல்லக்கா” என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் மருத்துவமனையில் எடுத்துவைத்த அதே மாதிரி மெழுகு ஒரு காகிதத்தில் இருந்தது. ஊசியும் பையில் இருந்தது. ஏன் அவற்றை எடுத்துப்போனேன் என்று கேட்டால், வெறும் வாயால் சொல்ல எனக்கு வராது என்று பயந்தேன். கையில் ஏதாவது இருந்தால் அதைக் காட்டலாம்.

இரண்டு அறை வீடு. உப்பண்ணன் கட்டிலில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். சுவரில் காலண்டர். கட்டம் கட்டமாகப் புள்ளிகள். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அந்தத் தொட்டி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நூல் போலத் தண்ணீர் வெயிலில் மின்னியது.

“வா பின் சக்கரம்! என்ன அதிசயம்?”

நான் காகிதத்தைப் பிரித்துக் கட்டிலில் வைத்தேன். “அண்ணே, உப்பு அடைக்கல. நான்தான் அடைச்சேன். இதை வச்சு.”

அவருக்கு உடனே புரியவில்லை. மெழுகை எடுத்து விரலில் நசுக்கினார். “எந்தத் துளையை?”

“அந்தத் துளையைத்தான். சுவர்ல தெறிக்குதேன்னு... ஓட்டைன்னு நினைச்சேன்ணே.”

“எப்போ?”

“அந்தச் சனிக்கிழமை.”

அவர் எழுந்தார். அக்கா சமையலறையிலிருந்து, “எழுந்திருக்காதீங்க!” என்று கத்தினார். அவர் காதில் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். “வா. எப்படி அடைச்சேன்னு செஞ்சு காட்டு.”

மெழுகை உருட்டித் துளையில் வைத்து அழுத்தினேன். நூல் நின்றது. அவர் பம்பின் சுவிட்சை அணைத்தார். குழாய் சத்தமில்லாமல் இழுக்க ஆரம்பித்தது. மேல் தொட்டியில் தண்ணீர் இறங்கியது. கீழே வைத்திருந்த வாளி நிரம்பியது, வழிந்தது, பால்கனியிலிருந்து அறைக்குள் வந்தது, கட்டிலுக்கு அடியில் போனது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் ஐந்து மாதமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. கிட்டத்தட்டச் சந்தோஷம். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

நான் துணி தேடினேன். “விடு” என்றார். “நாலு நிமிஷம். சரியா இருக்கு. மூணு தடவை போனா பதினெட்டுதான் வரும். கணக்கு சரியா இருக்குடி!” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். மெல்லத் திரும்பினார்.

“நான் வந்து பாக்கும்போது துளை திறந்திருந்துச்சே?”

நான் பையிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினேன்.

அதன் வளைந்த முனையைப் பார்த்தார். “நான் பதினோரு தடவை நிறுத்திப் பாத்தேன். நீ பக்கத்துலதான் நின்னே.”

“ஆமாண்ணே.”

“அடைச்சது சரி. தெரியாமச் செஞ்சே. எதுக்கும்மா எடுத்தே?”

பயம் என்று ஒரு சொல் இருக்கிறது. அவர் தூக்கிய கேன்களுக்கு முன்னால் அந்தச் சொல் மிகவும் சின்னது.

அக்கா தண்ணீரில் நின்றுகொண்டு, “தினம் அந்தத் தொட்டியைத் துடைக்கிறவ இவ. ஊருக்கெல்லாம் துளையைப் பத்திச் சொன்னீங்களே, இவகிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“சொல்லல. அது என் தப்பு. நல்ல தண்ணியை அளவில்லாம வர்ற மாதிரி விட்டதும் என் தப்பு. ஒரு சின்ன டிரம்மோட நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது” என்றார். “ஆனா எடுத்தாளே.”

நான் கிளம்பும்போது, “டாக்டர்கிட்ட நீயே சொல்லு” என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை சொன்னேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “நான் அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி கேட்டிருக்கக் கூடாது” என்றார். பிறகு, “சாவியை அவங்ககிட்டக் குடுத்துடு” என்று வரவேற்பு மேசையைக் காட்டினார். வேலை போகவில்லை. அன்றிலிருந்து வரவேற்பு மேசை அக்கா வந்து திறக்கும் வரை நான் படியில் நிற்கிறேன்.

அறுவை முடிந்து இரண்டு மாதம் கழித்து உப்பண்ணன் குழாய்களோடு வந்தார். எல்லாவற்றையும் மறுபடி போட்டார். இந்த முறை துளைகள் இரண்டு. தண்ணீர் சுவர்ப் பக்கம் தெறிக்காமல் தொட்டிக்குள்ளேயே விழும்படி திருப்பியிருந்தார். நல்ல தண்ணீருக்கு ஒரு சின்ன டிரம் மட்டும். அது காலியானால் அவ்வளவுதான். நான் பின்னால் துடைத்துக்கொண்டு போனேன்.

கடைசி நாள், கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டார். “ஏம்மா, அந்த ஊசி இருக்கா?”

எடுத்து வந்து கொடுத்தேன். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, தொட்டியின் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

“சனிக்கிழமை சனிக்கிழமை மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு துளையையும் இதால குத்தி விடணும். அப்புறம் பம்பை நிறுத்தி எண்ணணும். காத்து உறிஞ்சுற சத்தம் எத்தனையில வருதுன்னு எழுதி வை. பத்துக்கு மேல போனா எனக்கு போன் பண்ணு.”

“நானாண்ணே?”

“வேற யாரு தொடுறா அதை?” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். ஏழாவது படியில் நிற்கவில்லை.

அது தண்டனையா, இல்லை வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மற்ற ஆறு இடங்களிலும் குழாய் திரும்பி வந்துவிட்டது என்று வரவேற்பு மேசை அக்கா சொன்னார். எங்கள் தொட்டிக்குப் புதிய கடல் சாமந்தி வாங்கவில்லை, இறாலும் வாங்கவில்லை. தண்ணீர் நிலைக்கட்டும், ஒரு வருடம் போகட்டும் என்று உப்பண்ணன் சொல்லிவிட்டார். பட்டை போட்ட ஜோடி இப்போதும் குழாய் வாயருகேதான் படுக்கிறது.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு ஊசியால் குத்திவிட்டுப் பம்பை நிறுத்துகிறேன். சட்டென்று அமைதியாகிவிடும். அந்த ஜோடி திடுக்கிட்டு என் பக்கம் திரும்பும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுகிறேன். ஆறிலோ ஏழிலோ ‘கொர்’ரென்று வந்துவிடும்.

நோட்டில் ஆறு என்று எழுதுகிறேன். பிறகு பம்பைப் போட்டுவிட்டு, இன்னொரு முறை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறேன். அவர் ஒரு முறைதான் எண்ணச் சொன்னார். நான் பதினொரு முறை எண்ணுகிறேன்.